எட்டுப் பாட்டும் ஒரு தொண்டையும்

தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையைத் தம்பியின் பக்கம் திருப்பினார். குரல் நாண்கள் இரண்டிலும் நேரெதிராக இரண்டு சின்னக் காய்ப்புகள். செருப்பு உரசி உரசிக் காலில் தோல் தடித்துப்போவது மாதிரிதான் இதுவும் என்றார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்." வார்த்தையைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்ண இவ்வளவு கத்தணுமா?"

தம்பி பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள். "பாட்டுப் பாடறான் டாக்டர்."

"என்ன மாதிரிப் பாட்டு?"

"அதத்தான் நானும் ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்பது இன்னும் மோசம் என்றார். பாட்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொன்ன விதத்திலேயே, அந்த அப்புறம் சீக்கிரம் வராது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தம்பி கையில் வைத்திருந்த ஹெல்மெட்டின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான்.

தம்பிக்கு ஒரு இசைக்குழு இருந்தது. பெயர் 'துரு'. அதில் மூன்றே பேர். தம்பி கிட்டார் வாசித்துப் பாடுவான். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் ஒல்லியான மனிதர் டிரம்ஸ். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் பேஸ் கிட்டார். எல்லோரும் அவரை டோஸ் என்று கூப்பிடுவார்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வாயைத் திறக்கமாட்டார் என்பதால். அவர்கள் வாசித்தது திராஷ் மெட்டல். கிட்டார் தையல் மெஷின் ஓடுவதுபோல விடாமல் ஓடும், டிரம்ஸ் அதைப் பின்னாலேயே துரத்தும், இரண்டுக்கும் மேலே ஒருவர் அடிவயிற்றிலிருந்து கத்துவார். ஒன்பது வருடம் அங்கே இங்கே வாசித்துவிட்டு, இந்த வருடம்தான் ஒரு ஆல்பம் போடுவது என்று துணிந்து இறங்கியிருந்தார்கள். எட்டுப் பாட்டு. டிரம்ஸ், கிட்டார், பேஸ் எல்லாம் பதிவாகிவிட்டன. குரல் மட்டும்தான் பாக்கி.

அந்தக் குரல்தான் போய்விட்டது. பதிவு செய்துகொண்டிருந்த ஒலிப்பதிவாளருக்கோ வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஐந்து வாரத்தில் ஸ்டூடியோவைக் காலிசெய்துவிட்டுக் கிளம்புகிறார்.

தம்பி சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவான். அவனால் பேசத்தான் முடியாது, காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் எல்லோரும் அவனிடம் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். லிஃப்ட் பழுதென்று கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்கள். ஒரு அம்மாள் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பதில் எழுதியே கொடுத்தாள்.

வேறு பாடகர்களைத் தேடினார்கள். ஒருவன் வந்தான், நான்காவது பாட்டிலேயே இருமல் வந்துவிட்டது. இன்னொருவன் நன்றாகக் கத்தினான், ஆனால் என்ன கத்துகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. இப்படியே ஒரு வாரம் போனது.

ஒரு மதியம் அக்கா வேலை முடிந்து வருகிற வழியில் ஸ்டூடியோவுக்கு வந்தாள். காலையில் தம்பி அவள் வீட்டிலேயே மறந்துவைத்துவிட்டுப் போன மாத்திரைப் பை அவள் கையில் இருந்தது. ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாசனையும் இடிச்சத்தமும் சேர்ந்து வந்தன. கதவைத் திறந்தால் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். டைப்பிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். தம்பியும் டோஸும் முதுகைக் காட்டி நின்று, ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவள் வந்தது தெரியவில்லை.

அவள் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "டேய், மாத்திரையை விட்டுட்டு வந்துட்டியே, சாப்பிட்டியா இல்லையா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். டைப்பிஸ்டின் கையிலிருந்து ஒரு குச்சி உருண்டு போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்தே விட்டார். மைக் திறந்திருந்தது. அவர் பதிவான அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டார். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் காதைப் பிளக்க, அவற்றுக்கு மேலே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, மாத்திரை வந்தது.

"அக்கா, நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஸ்பின்னிங் மில்லுல. ஏன், ரொம்ப சத்தமா சொல்லிட்டேனா?"

அவள் நூற்பாலையில் பதினெட்டு வருடமாக இருந்தாள், கடைசி ஏழு வருடம் சூப்பர்வைசராக. நூல் சுற்றும் இயந்திரங்கள் இருபத்திரண்டு, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் நூல் ஏறும் கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எல்லோரையும் போல அவளுக்கும் தொண்டை கட்டியது. அப்புறம் கத்துவதற்குத் தொண்டை வேண்டாம், வயிறு போதும் என்று தானாகவே பிடிபட்டது. கடைசி வரிசையில் நூல் அறுந்தால் முதல் வரிசையிலிருந்தே ஆளைக் கூப்பிடுவாள்.

ஆல்பத்தில் பாட வருகிறீர்களா என்று ஒலிப்பதிவாளர் கேட்டதும் அவள் சிரித்தாள். "எனக்குப் பாட்டெல்லாம் வராதுப்பா."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் நோட்டில் ஏதோ எழுதினான், அடித்தான், திரும்ப எழுதினான். 'ஒரு பாட்டு மட்டும் பாத்துக்கலாம்' என்று இருந்தது.

பாட்டு வரிகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்படியில் வைத்துப் படித்தாள். முதல் பாட்டில் மண்டையோடு. இரண்டாவதில் ரத்த ஆறு. மூன்றாவதில் மறுபடி மண்டையோடு, இந்தத் தடவை அதன் கண்ணில் நெருப்பு. அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் டிவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்.

"என்னங்க, என்னப் பாடச் சொல்றாங்க" என்றாள்.

"யாரு?"

"தம்பி கூட்டாளிங்க. கத்துற பாட்டு இருக்கே, அது."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "போய்ட்டு வா. இத்தனை நாள் எனக்கு மட்டுமே பாடிட்டிருந்தே."

மறுநாள் அவள் தாள்களைத் தம்பியின் முன்னால் போட்டாள். "டேய், மண்டையோட்ட நீ நேர்ல பாத்திருக்கியா?"

தம்பி இல்லையென்று தலையாட்டினான்.

"ரத்த ஆறு?"

டைப்பிஸ்ட் இடையில் புகுந்தார். "அக்கா, மெட்டல்னா அப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதட்டும். நான் பாக்காததப் பாத்து எப்படிங்க கத்துறது? கோவமே வரமாட்டேங்குது. எனக்கு எதுக்குக் கோவம் வரும்னு எனக்குத் தெரியும், அத எழுதித் தரேன்."

அவள் எழுதிக்கொண்டுவந்தது ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் இருந்தது. பாட்டு மாதிரியே இல்லை. 'உக்காராதே' என்று ஒன்று. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, காலில் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். 'கால் மணி' என்று ஒன்று; சாப்பிட, கை கழுவ, வீட்டுக்குப் போன் பண்ண எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். கடைசியாக 'பின்கதவு'. அதைப் படித்துவிட்டு டோஸ் அன்றைய முதல் வார்த்தையைப் பேசினார்.

"இது நடந்ததா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள்.

ஒரு மதியம் மில்லின் முன்வாசல் பக்கம் பஞ்சுத் தூசியில் தீப்பொறி விழுந்து புகை கிளம்பியது. உள்ளே நாற்பத்தோரு பெண்கள். பின்பக்கம் ஒரு கதவு உண்டு. வேலை நேரத்தில் யாரும் வெளியே போய் நிற்கக் கூடாது என்று அதை வெளிப்புறம் பூட்டி வைத்திருந்தார்கள். காவலாளி சாவியைத் தேடிக் கொண்டுவர பதினோரு நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கதவைத் தட்டினாள், கத்தினாள். யாரும் சாகவில்லை. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதிக்கு மட்டும் அதிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மறுநாள் புகை படிந்த சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது.

பதிவு சுலபமாக இருக்கவில்லை. முதல் மூன்று நாள் வீணாகப் போயின. கண்ணாடி அறைக்குள் தனியாக நிற்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, முன்னால் மைக்கை வைத்தால், அவள் யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போனவள் மாதிரி மரியாதையாகப் பேசினாள். 'கதவைத் திற' என்பது 'கொஞ்சம் திறக்கறீங்களா' என்பதுபோல ஒலித்தது. தாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பிடிபடவில்லை. ஒலிப்பதிவாளர் பொறுமையானவர்தான், இருந்தாலும் மூன்றாம் நாள் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"இங்க ரொம்ப அமைதியா இருக்குப்பா" என்றாள் அவரிடம். "சத்தமே இல்லாத இடத்துல எதுக்குக் கத்தணும்? பைத்தியக்காரி மாதிரி இருக்கு."

அவர் எழுந்து உள்ளே வந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றச் சொன்னார். கையில் பிடிக்கிற மைக் ஒன்றைக் கொடுத்து, பெரிய அறையில் நிற்கவைத்து, பதிவான இசையை ஆளுயர ஸ்பீக்கரில் முழு வேகத்தில் திறந்துவிட்டார். அப்படிப் பதிவுசெய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். குரலோடு இசையும் மைக்கில் ஏறிவிடும். ஏறட்டும் என்றார். டைப்பிஸ்ட் அவளுக்கு எதிரே போய் நின்றார். மில்லில் சத்தத்துக்கு நடுவே பெண்கள் கையால் பேசிக்கொள்வார்களே, அந்தச் சைகைகளை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கை மேலே போனால் ஆரம்பி. இரண்டு விரல் சுற்றினால் மறுபடி. முஷ்டி என்றால் நிறுத்து.

அவர் கையைத் தூக்கினார். அவள் வரிசைகளுக்கு நடுவே போவதுபோல அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஆரம்பித்தாள்.

திற திற கதவைத் திற
பூட்டினது யாரு, சாவி எங்கே
கடிகாரம் ஓடுது
உள்ளே நாங்க நாப்பத்தோரு பேரு

முதல் தடவையிலேயே சரியாக வந்தது. கீழே டயர் கடையில் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு பேர் மாடிப்படியில் வந்து நின்றிருந்தார்கள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று.

அன்று தம்பி யாரிடமும் எழுதிக் காட்டாமல் கிளம்பிப் போய்விட்டான். அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா அவன் வேலைசெய்கிற இடத்தைத் தேடிப் போனாள். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் குழிக்கு முன்னால் கருவிப் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். அவள் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்மேல கோவமாடா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"பொய் சொல்லாத. வாய் பேசலன்னாலும் மூஞ்சி பேசுது."

அவன் கையைத் துணியில் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தான். நீண்ட நேரம் எழுதினான். 'நீ நல்லாப் பண்றே. என்னைவிட நல்லாப் பண்றே. அதுதான். ஒன்பது வருஷம் நான் கத்துனது ஒரு நாள்கூட அப்படி இல்லை. நேத்து முழுக்க யோசிச்சேன். எனக்குக் குரல் திரும்பி வந்தாலும் இனி யார் கேப்பாங்க?'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவன் முட்டாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கிட்டார் வாசிக்கறது நீதான" என்றாள் கடைசியில். "அந்த ஓட்டம் இல்லன்னா நான் வெறும் தெருச்சண்டை போடறவ. எனக்கு இதுல ஒன்னும் வேண்டாம்டா. நீ சொன்னா இப்பவே நிறுத்திக்கறேன். மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லாம இருக்காத."

மேலே யாரோ லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்டுக் கதவைத் தட்டினார்கள். தம்பி அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பிறகு எழுதினான். 'நிறுத்தாதே. ஒரே ஒரு பாட்டு எனக்கு வேணும்.'

அப்படித்தான் ஏழு பாட்டு அவள் குரலில் வந்தது. எட்டாவது பாட்டு குரலே இல்லாமல் கிட்டாரும் டிரம்ஸுமாகவே இருக்கட்டும் என்று முடிவானது. குரல் வர வேண்டிய இடங்களில் தம்பி கிட்டாரைப் பேசவிட்டான். அந்த ஒரு பாட்டுக்கு அவன் எடுத்துக்கொண்டது நான்கு நாள். ஒலிப்பதிவாளர் ஸ்டூடியோ மெத்தைகளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டே அதன் ஒலிகளைக் கலந்து சீர்செய்து முடித்தார். விமானம் ஏறும் அன்று காலைதான் முழு ஆல்பமும் அவர்கள் கைக்கு வந்தது. ஆல்பத்துக்கு 'பின்கதவு' என்றே பெயர் வைத்தார்கள்.

இணையத்தில் ஏற்றினார்கள். முதல் இரண்டு வாரம் ஈயாடவில்லை. டைப்பிஸ்ட் தினமும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்ப்பார். அதில் பாதி அவரே என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு மெட்டல் ரசிகர்கள் படிக்கிற ஒரு தளத்தில் விமர்சனம் வந்தது. கிட்டார் பிரமாதம், டிரம்ஸில் குறை சொல்ல ஏதுமில்லை, ஆனால் பாடகி என்ற பெயரில் யாரோ ஒரு வீட்டம்மா வந்து முப்பத்தெட்டு நிமிடம் நம்மைத் திட்டித் தீர்க்கிறார் என்று எழுதியிருந்தான் ஒருவன். கீழே வரிசையாகக் கேலி. 'பாத்திரம் கழுவாமல் கேட்காதீர்கள்' என்று ஒருவர். 'ஹெட்போனில் கேட்டேன், எழுந்துபோய் அறையைப் பெருக்கிவிட்டேன்' என்று இன்னொருவர்.

தம்பி இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் பதில் தட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவன் கையிலிருந்து போனை வாங்கிப் பொறுமையாகப் படித்தாள்.

"சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றாள். "திட்டத்தான செஞ்சேன்."

அந்தக் கேலிதான் வினையாகவும் போனது, வழியாகவும் ஆனது. திட்டு வாங்குவதற்கென்றே கேட்கப் போனவர்கள், கேட்டு முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். ஒரு நர்ஸ், தன் ஷிப்டிலும் உட்கார விடுவதில்லை என்று எழுதினாள். ஒரு பொருள் கிடங்கில் வேலைசெய்கிறவன், தங்கள் இடத்திலும் ஒரு கதவு பூட்டியே இருக்கிறது என்று பூட்டைப் படமெடுத்துப் போட்டான். மொழியே தெரியாத யாரோ, 'திற திற' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் அந்தத் தளத்துக்காரனே இன்னொன்று எழுதினான். முன்பு எழுதியதைத் திரும்ப வாங்கவில்லை, ஆனால் அந்த அம்மா திட்டியது யாரை என்று சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று.

மில்லில் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஒரே போனில் நான்கு பேராகக் கேட்டார்கள். முதலில் சிரித்தார்கள். 'பின்கதவு' வந்தபோது சிரிப்பு நின்றது. மூச்சு வாங்குகிற சிநேகிதி பஸ்ஸிலிருந்து இறங்கி அக்காவிடம் வந்து, "எத்தனை நிமிஷம்னு நான் கணக்கு பாக்கவே இல்லடி. அரை நாள் மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கணவர் அதுவரை ஆல்பத்தைக் கேட்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் பஸ் டிப்போவில் கண்டக்டர் போனில் போட்டுவிட, இது யார் குரல் என்று தெரிந்து முழுவதும் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"பதினோரு நிமிஷம்" என்றார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வந்து, மில்லுல சின்னதா புகை வந்துச்சு, சீக்கிரம் விட்டுட்டாங்கன்னுதான எங்கிட்ட சொன்னே."

"சொல்லி என்ன ஆகப்போகுது. வேலைக்குப் போகாதன்னு சொல்வீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

அவர் போய் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, மீதிக் காயை அவரே நறுக்க ஆரம்பித்தார். துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அடுத்த வாரம் மில் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் பாட்டுல வர்ற கதவு எந்தக் கதவும்மா?"

"பாட்டுல மில் பேரு எதுவும் இல்லையே சார்."

"எனக்குத் தெரியும். கேட்டேன்." அவர் மேசையில் கிடந்த காகிதங்களை நேராக அடுக்கினார். "நல்லாத்தான் கத்தறீங்க. உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைன்னு நினைக்கறேன். நாளையிலருந்து கழிவுப் பஞ்சுக் கிடங்கப் பாத்துக்குங்க."

கிடங்கில் அவளும் ஒரு எடை மெஷினும் மட்டும். மூட்டை மூட்டையாகப் பஞ்சு சூழ்ந்திருந்ததில் இருமினால்கூட எதிரொலிக்காது. பேச ஆளில்லை. ஒரு வாரத்தில் அவளுக்கே தன் குரல் மறந்துவிடும் போலிருந்தது. முதல் தடவையாகத் தம்பியின் மூன்று மாதம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கியது. வீட்டில் அதைப் பற்றி அவள் புலம்பவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள். தம்பி டைப்பிஸ்டிடம் சொன்னான்.

டைப்பிஸ்டுக்கு இருபது வருடமாக மற்றவர்களின் மனுக்களை அடித்தே பழக்கம். எந்த அலுவலகத்துக்கு, யார் பெயருக்கு, எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி எழுதினால் கோப்பு நகரும் என்று தெரிந்தவர். பெண்கள் சாப்பிடுகிற கால் மணி நேரத்தில் மில் வாசலுக்கு வந்து, சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். தொழிற்சாலை ஆய்வாளருக்கு இரண்டு பக்க மனு. முதல் கையெழுத்து மூச்சு வாங்குகிற சிநேகிதி போட்டாள். மொத்தம் முப்பத்துநாலு கையெழுத்து. ஏழு பேர் பயந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வாளர் ஒரு மாதம் கழித்து வந்தார். அதற்கு முந்தின நாளே பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பூட்டு தொங்கித் தொங்கி இரும்பில் தேய்ந்திருந்த தடத்தைக் கழற்ற முடியவில்லை. அவர் அதைத் தடவிப் பார்த்தார். ஆறு வாரத்தில் புதுக் கதவு வந்தது, உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் தானே திறந்துகொள்கிற மாதிரி. பெண்கள் முதல் நாள் ஆளுக்கொரு தரம் தள்ளிப் பார்த்தார்கள்.

அக்கா மட்டும் கிடங்கிலேயே இருந்தாள். அவள் இடத்துக்கு வந்திருந்த புது சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கத்துவது இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. ஒரு விசில் வாங்கினார். விசிலுக்கு யார் திரும்புவது என்று தெரியாமல் எல்லோரும் திரும்பினார்கள். நூல் அறுந்து அறுந்து உற்பத்தி குறைந்தது. நான்காவது மாதம் அவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. மேலாளர் கிடங்குக்கே நேரில் வந்து, மூட்டைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கட்கிழமையிலருந்து பழைய இடத்துக்கே வந்துடுங்கம்மா."

"எழுத்துல குடுங்க சார்" என்றாள்.

கொடுத்தார்.

அதற்கிடையில் தம்பிக்குப் பேச அனுமதி கிடைத்திருந்தது. திரும்பி வந்த குரல் பழையது இல்லை. சற்றுக் கரகரப்பாக, தாழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி இருந்தது. பேசலாம், மெதுவாகப் பாடவும் செய்யலாம், இனி ஜென்மத்துக்கும் கத்தக் கூடாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வரும் வழியில் தம்பி பைக்கை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றான். அக்கா பின்சீட்டிலிருந்து இறங்கி, சாலையைப் பார்த்தபடி அவன் பக்கத்தில் நின்றாள். அவனாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டாவது பாட்டு நல்லாத்தான் வந்திருக்கு, இல்லக்கா?" என்றான்.

"தினமும் அதத்தான்டா கேக்கறேன். மத்த ஏழுலயும் ஒரு பொம்பள கத்திக்கிட்டே இருக்கா."

அவன் சிரித்தான். மாதக்கணக்கில் வராத சிரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்லூரி அரங்கில் அவர்கள் முதல்முறையாக ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்தார்கள். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். கறுப்புச் சட்டையும் நீள முடியுமாக இளைஞர்கள் முன்வரிசையில் முண்டியடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மில்லிலிருந்து பதினாறு பெண்கள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில். கணவர் ஓரத்தில், இரண்டு காதிலும் பஞ்சோடு.

'உக்காராதே' ஆரம்பித்தது. முதல் பத்தி நன்றாகப் போனது. இரண்டாவது பத்திக்கு டைப்பிஸ்ட் குச்சியோடு கையைத் தூக்கினார். விளக்கு வெளிச்சம் நேரே கண்ணில் அடித்ததில் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கிட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வாயை மட்டும் அசைத்து வரியை எடுத்துக்கொடுக்கப் பார்த்தான், அவளுக்குப் புரியவில்லை.

அவள் மேடையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். பிறகு மைக்கைத் தூக்கி, மில்லில் வருடக்கணக்காகத் தினமும் கத்துவதைக் கத்தினாள். ஏழாம் நம்பர்ல நூல் அறுந்துச்சு பாரு. பதினாலுல யாரு நிக்கறது. பேசாத, கையப் பாரு, கையப் பாரு.

பின்வரிசையில் பதினாறு பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். கையைத் தூக்கி ஆளுக்கொரு சைகையைக் காட்டினார்கள், வந்துட்டேன், பாத்துட்டேன், ஒட்டிட்டேன் என்று. முன்னால் நின்ற இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது பாட்டோடு சேர்ந்தது போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் அதே மாதிரி கையை உயர்த்தினார்கள். அரங்கம் முழுக்க விரல்கள் சுழன்றன. டோஸ் அடக்க முடியாமல் குனிந்து சிரித்தார். தம்பி கிட்டாரை நிறுத்தாமல் அவள் பக்கம் நகர்ந்து வந்து, தோளோடு தோள் ஒட்டி நின்று வாசித்தான்.

அவளுக்கு அப்போதும் வரிகள் ஞாபகம் வரவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.